பிளஸ் பொடிக்குப் போற கார்

காரின்ரை பொனற்றைத் திறந்துபோட்டு அழுத ஆக்கள் எத்தினை பேர் இருப்பினமோ தெரியாது. நான் அழுதனான். பலெர்மோவிலை, ஒரேத்தோப் பக்கம், ஒரு மாடிக் கட்டிடத்துக்குக் கீழை இருக்கிற கராஜிலை, 2005 மாசி மாசம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம். பக்கத்திலை ஒருத்தரும் இல்லை எண்டபடியால்தான் அழுதது. ஆரும் நிண்டிருந்தால் தூசி கண்ணுக்குள்ளை போட்டுது எண்டு சமாளிச்சிருப்பன்.

நான் யாழ்ப்பாணத்திலை ஹயர்க் கார் ஓடினவன். மாமாவின்ரை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ ஐம்பத்தைஞ்சு. பெற்றோல் வராத காலத்திலை எங்கடை ஆக்கள் அந்தக் கார்களை மண்ணெண்ணெயிலை ஓடினவை எண்டு இஞ்சை ஆருக்கும் சொன்னால் நம்பாயினம். ஒரு சின்னப் போத்திலிலை கொஞ்சப் பெற்றோல் பத்திரமாய் வைச்சிருப்பம். அதைக் காபரேற்றருக்குள்ளை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. பின்னாலை போற புகையிலை றோட்டே தெரியாது. அந்தப் போத்திலைக் கையிலை பிடிச்சுக்கொண்டு, "இப்ப விடட்டோ, இப்ப விடட்டோ" எண்டு பொனற்றுக்குப் பக்கத்திலை நிக்கிறது மாமாவின்ரை மகள். அவள்தான் பிறகு என்ரை மனிசி.

கலியாணம் முடிச்சு ரெண்டு வருஷம் ஒண்டாய் இருந்தம். 2002 இலை நான் பலெர்மோவுக்கு வந்திட்டன். எப்பிடி வந்தன் எண்ட கதையை விடுவம், அது எல்லாற்ரையும் கதைதான். வந்த வருஷமே வீட்டு வேலை செய்யிறவைக்குக் காயிதம் குடுக்கினம் எண்டு ஒரு கதவு திறந்தது. நானும் பூந்திட்டன். போர்கோ வெக்கியோவிலை ஒரு அறை. நாலு பேர் இருந்தம். நாலு பேருக்கும் நாலு நேர வேலை, ஆளை ஆள் காணுறது குறைவு. நான் எழும்பேக்கை ஒருத்தர் வந்து படுப்பார். அவற்ரை முகத்தை விட அவற்ரை முதுகுதான் எனக்கு நல்லாய்த் தெரியும்.

வேலை ஒரு கிழவரின்ரை வீட்டிலை. பல் டொக்டராய் இருந்து ஓய்வு எடுத்தவர். எல்லாரும் டொட்டோரே எண்டுதான் கூப்பிடுவினம், நானும் அப்பிடித்தான். எழுபத்தெட்டு வயது, மனிசி செத்துப் பல வருஷம், இடுப்பு எலும்பு உடைஞ்சு பொல்லோடை நடக்கிறவர். வீடு கூட்டி, கக்கூஸ் கழுவி, உடுப்பு மினுக்கி, மத்தியானம் பாஸ்தா அவிச்சுக் குடுத்தால் என்ரை வேலை சரி. அவரும் கதைக்கமாட்டார், எனக்கும் இத்தாலியன் காணாது. ஒரு நாளைக்கு இருவது சொல்லு வாயிலை இருந்து வந்தால் அது திருவிழா. சில நாளிலை பஸ்ஸுக்குள்ளை நிண்டு நானே எனக்கு ஏதும் சொல்லிப் பாப்பன், குரல் இருக்கோ இல்லையோ எண்டு.

மனிசிக்கு நான் சொன்னது வேறை. வியா மக்வேதாவிலை ஒரு ரெலிபோன் கடை, அங்கை இருந்து ஞாயிற்றுக்கிழமைகளிலை எடுப்பன். முதல் நாளே, "என்ன வேலை?" எண்டு கேட்டாள். "கராஜிலை" எண்டு சொல்லிப்போட்டன். ஹயர்க் காரன் கக்கூஸ் கழுவுறான் எண்டு சொல்ல வாய் வரேல்லை. ஒரு பொய் சொன்னால் அதுக்குக் காவலுக்கு ஒன்பது பொய் வேணும். கராஜ் முதலாளிக்கு ஒரு மீசை, கூட வேலை செய்யிறவனுக்கு ஒரு குடிப்பழக்கம், எல்லாம் நானே வைச்சன். மூண்டு வருஷம் அந்தக் கராஜை நடத்தினன்.

அவளைக் கூப்பிடோணும், அதுதான் என்ரை ஒரே யோசினை. கூப்பிடுறதெண்டால் முழுநேர வேலைக் காயிதம் வேணும். என்ரை கொன்றாத்தோ, அதுதான் வேலை ஒப்பந்தம், அரை நேரத்துக்கு. அதைக் கொண்டுபோய் நீட்டின இடத்திலை எல்லாம் தலையை ஆட்டிப்போட்டுத் திருப்பித் தந்தினம்.

இஞ்சை வீட்டு வேலைக்காரருக்கு வியாழக்கிழமை பின்னேரம் லீவு. அது ஒரு வழக்கம், காயிதத்திலையும் எழுதிக் கிடக்கும். எங்கடை சனம் அண்டைக்குக் கடற்கரைக்குப் போகும், சாமான் வாங்கும், படுக்கும். போக இடமில்லாதவனுக்கு லீவு ஒரு தண்டனை. டொட்டோரே இதைக் கவனிச்சிருக்கிறார் போல. ஒரு வியாழன் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலிலை சும்மா நிக்க, ஒரு திறப்பைக் கொண்டுவந்து தந்தார். ஒரேத்தோவிலை ஒரு கார் நிக்குது, ஒயில் ஒழுகுது எண்டு அந்தக் கட்டிடத்து ஆக்கள் சத்தம் போடினம், விருப்பம் எண்டால் போய்ப் பார் எண்டார்.

கதவைத் தூக்கினன். தார்ப்பாய்க்குக் கீழை கடும்பச்சை நிறத்திலை ரெண்டு பேர் இருக்கிற சின்னக் கார். கூரை துணி, சில்லுக்குக் கம்பி. எம்.ஜி.பி. எண்டு படத்திலை கண்டிருக்கிறன், கிட்ட நிண்டு கண்டதில்லை. ஸ்ரியறிங் வலப்பக்கம். ஆரோ ஒரு இங்கிலீஸ்காரன் கொண்டுவந்து, போகேக்கை விட்டிட்டுப் போன காராம், பிறகு அறிஞ்சன். அந்த ஊரிலை எல்லாக் காருக்கும் ஸ்ரியறிங் இடப்பக்கம். மூண்டு வருஷத்துக்குப் பிறகு நான் வலப்பக்கக் கதவைத் திறந்து ஓடுறவன்ரை சீற்றிலை இருந்தன். என்ரை கை தானாய்ப் போய் இடப்பக்கம் கியரைப் பிடிச்சுது.

பிறகு பொனற்றைத் திறந்தன். உள்ளுக்கை எங்கடை கேம்பிரிட்ஜ் எஞ்சின் கிடந்தது.

அதே எஞ்சின் எண்டு சொன்னால் தெரிஞ்ச ஆக்கள் சண்டைக்கு வருவினம். ஒரு வயித்துப் பிள்ளையள் எண்டு சொல்லுறன். கேம்பிரிட்ஜுக்கு ஒரு காபரேற்றர், இதுக்கு ரெண்டு. அது ஆயிரத்து நானூற்றி எண்பத்தொன்பது சீசீ, இது ஆயிரத்து எழுநூற்றித் தொண்ணூற்றெட்டு. ஆனால் அந்த பிளக்குகள் நிக்கிற வரிசை, டைனமோ தொங்கிற பக்கம், தப்பெற் மூடியிலை இருக்கிற ரெண்டு நட்டு, எல்லாம் என்ரை கைக்குத் தெரிஞ்ச இடத்திலை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் சுடாமல் எடுப்பன். அதிலைதான் அழுகை வந்தது. அந்த ஊரிலை எனக்குத் தெரிஞ்ச ஒரு சீவன் இருக்கு, அதுவும் செத்துக் கிடக்கு.

வெள்ளிக்கிழமை நான் டொட்டோரேட்டைப் போய், உங்கடை காரை ஓட வைக்கலாம் எண்டு சொன்னன். அவர் பேப்பரிலை இருந்து கண்ணை எடுத்துக் கனநேரம் என்னைப் பாத்தார். அலுமாரியிலை இருந்து ஒயில் கறை பிடிச்ச ஒரு புத்தகத்தை எடுத்து வைச்சார். அந்தக் காரின்ரை வேலைப் புத்தகம், இங்கிலீஸிலை. அவருக்கு இங்கிலீஸ் ஒரு சொல்லும் வராது. எனக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஸ் இருந்தது. அண்டையிலை இருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குசினி மேசையிலை நான் வாசிப்பன், அவர் கேப்பார்.

ஒக்ஸ்போர்ட்டுக்குக் கிட்ட அபிங்டன் எண்ட ஊரிலை 1962 தொடக்கம் 1980 மட்டும் இந்தக் கார் செய்தவை. எங்கடை கார் அறுபத்தாறு. முன்னம் வந்த மொடலுகளுக்குச் சட்டம் வேறை, பொடி, அதுதான் மேலை இருக்கிற உடம்பு, வேறை. இதுக்குச் சட்டமே இல்லை, பொடிதான் சட்டம். முதல் வந்ததுகளிலை எஞ்சினுக்கை மூண்டு பெயாரிங், பிறகு அஞ்சு. எங்கடையிலை அஞ்சு. போர், அதுதான் சிலிண்டர் அகலம், எண்பது தசம் இரண்டு ஆறு மில்லிமீற்றர், ஸ்ரோக் எண்பத்தெட்டு தசம் ஒன்பது. அந்த ஸ்ரோக்கைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கேம்பிரிட்ஜுக்கும் அதேதான், பிஸ்ரன் ஏறி இறங்கிற தூரம் ஒண்டு, அகலம்தான் கூட. நெருப்புப் பத்திற ஒழுங்கு ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு. சீற்றுக்குப் பின்னாலை ஆறு வோல்ற் பற்றறி ரெண்டு, ஒண்டோடை ஒண்டு தொடுத்தது. பற்றறியின்ரை பிளஸ் வயர் பொடிக்கு, காரின்ரை இரும்பு உடம்புக்குப் போகுது. வாசிச்சு வாசிச்சு நான் அரைகுறை இத்தாலியனிலை சொல்ல, அவர் இலக்கங்களைத் தன்ரை வாய்க்குள்ளை திருப்பிச் சொல்லுவார். செபம் சொல்லுற மாதிரித்தான். ரெண்டு ஊமையளுக்குக் கதைக்க ஒரு விஷயம் கிடைச்சுது.

அந்த மேசையிலைதான் ஒருநாள் அவர் தானாய்ச் சொன்னார். கார் ஓடினால், நீ இஞ்சத்தை லைசென்சும் எடுத்தால், உனக்கு முழுநேரக் கொன்றாத்தோ எழுதித் தாறன், ட்ரைவர் எண்டு. நான் வாசிச்ச வரியை விட்டிட்டன். முழுநேரம் எண்டால் மனிசி. எனக்குக் காதுக்குள்ளை அது மட்டும்தான் கேட்டது.

பிறகு மனிசிக்கு உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. கராஜ்ப் பொய்க்குள்ளை இந்தக் காரை எங்கை நிப்பாட்டுறது? ஒரு ஞாயிறு எல்லாத்தையும் கொட்டினன். கராஜும் இல்லை, முதலாளிக்கு மீசையும் இல்லை, நான் கக்கூஸ்தான் கழுவுறன் எண்டன். "நான் எப்பவோ நினைச்சனான். கராஜிலை வேலை செய்யிற மனிசன் ஒருநாளும் ஒரு எஞ்சினைப் பற்றிக் கதைக்கேல்லை எண்டால் என்ன அர்த்தம்" எண்டாள். பிறகு, "இஞ்சாருங்கோ, பிளக் கழட்டிப் பாத்தனீங்களோ? என்ன நிறம்?" எண்டு கேட்டாள்.

அந்த ஒண்டரை வருஷம்தான் நாங்கள் உண்மையாய்ப் புருஷன் பெண்சாதியாய் இருந்த காலம் எண்டு நான் நினைக்கிறது. சுகமோ, சாப்பிட்டியளோ, மழையோ எண்டு கேட்டுக் களைச்ச வாய் ரெண்டும் இப்ப காபரேற்றரைப் பற்றிக் கதைச்சுது. பெற்றோல் பம்ப் அடிக்குதில்லை எண்டு நான் சொல்ல, "ஒரு தட்டுத் தட்டுங்கோ, அப்பா அப்பிடித்தான் செய்யிறவர்" எண்டுவாள். தட்டினன், அடிக்கத் தொடங்கிச்சுது. கிளச், பிறேக், றேடியேற்றர்க் குழாய், ஒவ்வொண்டாய் வியாழக்கிழமை வியாழக்கிழமையாய்ச் செய்தன். லைசென்சும் எடுத்தன், எழுத்துச் சோதினையிலை ரெண்டாந்தரம்தான் பாஸ். சரியோ பிழையோ எண்டு கேட்டுக் குழப்பிற கேள்வியள், மனிசரைப் பேயனாக்கிப்போடும்.

2006 ஆடி மாசம் எல்லாம் முடிஞ்சுது, பற்றறி மட்டும் பாக்கி. புதுசு ரெண்டு வாங்கி வந்து வைக்கப் போனால், ஆரோ வயரை மாத்தி வைச்சிருக்கிறது தெரிஞ்சுது. மைனஸ் பொடிக்கு. எனக்கு விசர் வந்தது. புத்தகத்திலை தெளிவாய்க் கிடக்கு பிளஸ் பொடிக்கு எண்டு. கேம்பிரிட்ஜும் அப்பிடித்தான், அந்தக் காலத்து இங்கிலீஸ் கார் எல்லாம் அப்பிடித்தான். யாழ்ப்பாணத்திலை நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் அது தெரியும். மனிசிக்குச் சொன்னன். "கண்டறியாத வேலை. திருப்பிப் போடுங்கோ" எண்டாள்.

திருப்பிப் போட்டன். பற்றறியிலை பிளஸ் முனை கொஞ்சம் மொத்தம், மைனஸ் முனை கொஞ்சம் மெல்லிசு. பொடிக்குப் போற வயரின்ரை கிளிப் மெல்லிசு முனைக்கு அளவானது, மொத்த முனைக்கு இறங்க மாட்டன் எண்டுது. அரத்தாலை ராவி இறக்கினன். மற்றது தொளதொளத்துது, தக்காளி ரின் ஒண்டை வெட்டித் தகட்டை உள்ளுக்கை சொருகி இறுக்கினன். அந்தக் கார் வாய் திறந்து சொல்லுது, நான் அதின்ரை வாயைப் பொத்துறன். கொயில் வயரையும் மாத்தினன். டைனமோவுக்கும் புதுப் பக்கம் பழக்கோணும், அதுக்கு ஒரு வயர்த்துண்டாலை ஒரு தட்டு. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் எண்ட கெப்பர்தானே ஆளைக் கவுக்கிறது.

அடுத்த நாள் டொட்டோரேயை டாக்சியிலை கூட்டிக்கொண்டு வந்தன். நல்ல கோட்டுப் போட்டிருந்தார், ஆடி மாசத்து வெய்யிலுக்கை. அவரைப் பக்கத்துச் சீற்றிலை இருத்தி, சோக்கை இழுத்து, ஸ்ராற்றரைத் திருப்பினன். ரெண்டு சுத்துச் சுத்தி மூண்டாவதிலை பிடிச்சுது. கட்டிடமே அதிர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, என்ரை சீவியத்திலை அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோசம் வந்ததில்லை. எஞ்சின் வேகம் காட்டுற மீற்றரின்ரை ஊசி மட்டும் அசையேல்லை. பழசுதானே, ஒட்டிப் போச்சு எண்டு விட்டிட்டன்.

டொட்டோரே எஞ்சினைக் கேட்டுக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கையை நீட்டி, டாஷ் பலகைக்குக் கீழை இருந்த கசற் றேடியோவின்ரை குமிழைத் திருப்பினார். உள்ளுக்கை டிக் எண்டு ஒரு சத்தம். ஒரு மணம், பிறகு நூல் போலை புகை. அவர் குமிழை நிப்பாட்டித் திரும்பவும் திருப்பினார். ஒண்டும் இல்லை.

நான் எஞ்சினை நிப்பாட்டினன். அவர் அந்தக் குமிழிலை இருந்து கையை எடுக்காமலே கதைச்சார். அவ்வளவு நீளமாய் அவர் கதைச்சு நான் கேட்டதில்லை. மகன் இருவது வயதிலை பூட்டின றேடியோ. ரெண்டு கிழமை ரெண்டு பேரும் இந்தக் கராஜுக்குள்ளை நிண்டவை, மகன் வேலை செய்ய அவர் ரோச் லைற் பிடிச்சவர். காரின்ரை வயரை எல்லாம் மாத்தினால்தான் இந்த றேடியோ வேலை செய்யும் எண்டு சொல்லி, மகன் ஒவ்வொண்டாய் மாத்தினவனாம். இப்ப மகன் மிலானோவிலை. தாயின்ரை சாவீட்டிலை ஏதோ வாக்குவாதம், அதோடை பதினொரு வருஷமாய்ப் பேச்சில்லை. "என்ன சொல்லி எடுக்கிறது? ஏதும் ஒரு சாட்டு, ஒரு காரணம் வேணுமே. உன்ரை றேடியோ இன்னும் பாடுது எண்டு சொல்லலாம் எண்டு இருந்தன்" எண்டார். கோட்டுப் பைக்குள்ளை இருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். மகன்ரை நம்பர். என்ரை கைத்தொலைபேசியிலை அங்கையே வைச்சு எடுக்கிற யோசினையிலை வந்திருக்கிறார்.

"பழசாய்ப் போச்சு, என்னை மாதிரி" எண்டு சொல்லித் துண்டைத் திரும்பப் பைக்குள்ளை வைச்சார். பிறகு என்ரை தோளிலை தட்டி, கார் ஓடுது, நல்ல வேலை செய்தாய், திங்கக்கிழமை கொன்றாத்தோவிலை கையெழுத்து வைக்கிறன் எண்டார்.

அவருக்கு விளங்கேல்லை. எனக்கு எல்லாம் விளங்கிட்டுது. வயர் ஏன் மாறிக் கிடந்தது, கிளிப் ஏன் இறங்கேல்லை, ஊசி ஏன் அசையேல்லை. அந்த றேடியோ மைனஸ் பொடிக்குப் போற காருக்குச் செய்தது, நான் பிளஸைப் பொடிக்குப் போட்டு அதை எரிச்சுப்போட்டன். நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. சொன்னால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லாட்டி மனிசி இல்லை. கணக்குச் சின்னக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சொன்னன், கார் ஓடுது, காயிதம் வருது எண்டு. அவள் சிரிச்சாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என்னாலை அடக்கேலாமல் போட்டுது. றேடியோக் கதையையும் சொல்லிப்போட்டன்.

"அவருக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. நாளைக்குக் கையெழுத்து."

"அப்ப இண்டைக்கோ, நாளைக்குக் காலமையோ சொல்லுங்கோ."

"உமக்கு விசரோ? அவர் கோவத்திலை கிழிச்சுப் போட்டால் நீர் எப்பிடி இஞ்சை வாறது?"

"வராமல் இருப்பன். உங்களைத் திருப்பிப் போடச் சொன்னது நான்தானே, அந்தப் பிழையிலை பாதி என்ரை. ஒரு மனிசன் தன்ரை பிள்ளையோடை கதைக்க வைச்சிருந்த சாட்டை நாங்கள் எரிச்சுப்போட்டு, அவர் தந்த காயிதத்திலை நான் சிரிச்சுக்கொண்டு வந்து இறங்கிறதோ? என்னாலை ஏலாது. மூண்டு வருஷம் எனக்குப் பொய் சொன்னனீங்கள், நான் ஒண்டும் சொல்லேல்லை. இதைச் சொல்லுங்கோ."

எனக்குக் கோவம்தான் வந்தது. அங்கை இருந்துகொண்டு நேர்மை கதைக்கிறது லேசு எண்டு ஏசிப்போட்டு வைச்சிட்டன். வியா மக்வேதா முழுக்க நடந்தன். சனம் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடை குடும்பம் குடும்பமாய் ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு போகுது. அவள் வரவேமாட்டாள் எண்ட பயம் அண்டைக்குத்தான் முதன்முதல் எனக்குள்ளை வந்தது, அதுவும் அவளாலேயே வந்தது.

திங்கள் காலமை கோப்பி வைச்சுக் குடுத்துப்போட்டுச் சொன்னன். றேடியோ பழசாலை போகேல்லை, நான்தான் எரிச்சது, உங்கடை மகன் மாத்தின வயரை நான் திருப்பிப் போட்டிட்டன். மேசையிலை அந்தக் கொன்றாத்தோ கையெழுத்து இல்லாமல் கிடந்தது.

டொட்டோரே கோப்பியைக் குடிச்சு முடிச்சார். பிறகு பேனையை எடுத்துக் கையெழுத்து வைச்சார், ஒவ்வொரு பக்கத்திலையும். நான் நன்றி சொல்ல வாயைத் திறக்க, கையைக் காட்டி நிப்பாட்டினார். பைக்குள்ளை இருந்து அந்த நம்பர்த் துண்டை எடுத்து என்ரை பக்கம் தள்ளினார். "என்னட்டைச் சொன்னதை அவனுக்கும் சொல்லு. பூட்டினது அவன். நான் பக்கத்திலை இருக்கிறன் எண்டும் சொல்லு" எண்டார்.

அவருக்கு இன்னொரு சாட்டுக் கிடைச்சிட்டுது எண்டு எனக்கு அப்பதான் விளங்கிச்சுது. பாடுற றேடியோவுக்குப் பதிலாய் எரிஞ்ச றேடியோ.

விறாந்தையிலை ரெலிபோன். நான் எடுத்தன். டொட்டோரே சுவரோடை பொல்லை ஊண்டிக்கொண்டு நிண்டார். மறுபக்கம் ஒரு ஆம்பிளைக் குரல், அவசரத்திலை இருக்கிற குரல். நான் ஆர் எண்டு சொன்னன், உங்கடை அப்பா வீட்டிலை வேலை செய்யிறவன், பச்சைக் காரிலை நீங்கள் பூட்டின றேடியோவை நான் எரிச்சுப்போட்டன், மன்னிக்கோணும் எண்டு, டொட்டோரேக்குச் சொல்ல முதல் நாளிரவு பாடமாக்கின மாதிரியே சொன்னன்.

"எந்த றேடியோ?" எண்டு கேட்டார்.

நான் திரும்பவும் சொன்னன். எம்.ஜி., கராஜ், ரெண்டு கிழமை, வயர் எல்லாம் மாத்தினது.

"அந்தக் கார் இன்னும் இருக்கோ? றேடியோ ஒண்டும் எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்குச் சுகமில்லையோ?"

"சுகமாய் இருக்கிறார். பக்கத்திலை நிக்கிறார்."

"நான் வேலையிலை நிக்கிறன்" எண்டு சொல்லி வைச்சிட்டார்.

நான் றிசீவரைக் காதிலையே பிடிச்சுக்கொண்டு நிண்டன். டொட்டோரே என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். நான் உண்மை சொல்லிப் பத்து நிமிசம் ஆகேல்லை. "றேடியோ பறவாயில்லையாம். இப்ப வேலையிலை நிக்கிறாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாய் எடுக்கிறாராம்" எண்டன்.

டொட்டோரே தலையை ஆட்டினார். அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினார். மூக்குச் சீறுற சத்தம் கேட்டது.

அடுத்த மாசம் ஊரிலை திரும்பச் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிச்சுது. லைனும் இல்லை. ரெலிபோன் கடைக்காரன் என்னைக் கண்டாலே கையை விரிப்பான். முழுநேரக் கொன்றாத்தோ கையிலை இருக்கு, அவள் உயிரோடை இருக்கிறாளோ எண்டு தெரியாது. சாப்பாடு இறங்கேல்லை. இஞ்சை டொட்டோரே ஞாயிற்றுக்கிழமைகளிலை சவரம் எடுத்து, கோட்டுப் போட்டு, விறாந்தையிலை ரெலிபோனுக்குப் பக்கத்திலை ஒரு கதிரையைப் போட்டு இருக்கத் தொடங்கினார். என்னையும் ஞாயிறு மத்தியானம் வரச் சொன்னார். நான் குசினிக்குள்ளை என்ரை கைத்தொலைபேசியை மேசையிலை வைச்சுப் பாத்துக்கொண்டு இருப்பன், அவர் விறாந்தையிலை. ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறதில்லை, லைன் வாற நேரத்திலை கதைச்சுக்கொண்டு இருந்திடக் கூடாது எண்டு ரெண்டு பேருக்கும் பயம். எத்தினையோ ஞாயிறு, இண்டைக்குச் சொல்லிப்போடோணும் எண்டு போய், அந்தச் சவரம் எடுத்த முகத்தைக் கண்டு சொல்லாமல் வந்திருக்கிறன். கார் மட்டும் ஓடிக்கொண்டு இருந்தது. வயரை மகன் வைச்ச மாதிரியே திரும்ப மாத்தி வைச்சன். றேடியோ திருத்திறவன் உள்ளுக்கை பலகை எரிஞ்சு போச்சு எண்டு திருப்பித் தந்திட்டான்.

என்ரை லைன் முதல் வந்தது. அவள் உயிரோடை இருந்தாள். கப்பலிலை திருகோணமலைக்கு வந்து, அங்கை இருந்து கொழும்பு, கொழும்பிலை மாசக்கணக்காய் அலைஞ்சு, 2008 பங்குனியிலை பலெர்மோவிலை வந்து இறங்கினாள். நான் பச்சைக் காரிலைதான் ஏர்ப்போட்டுக்குப் போனன். அவள் பொனற்றிலை கையை வைச்சுப் பாத்துப்போட்டு, "மூண்டாவது தப்பெற் சத்தம் போடுது" எண்டாள். இளைச்சுக் கறுத்துப் போயிருந்தாள். போற வழியிலை, "அவருக்குச் சொன்னனீங்கள்தானே?" எண்டு கேட்டாள். சொன்னன் எண்டன். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தாள்.

முதல் ஞாயிறு அவளை டொட்டோரே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். அவர் கோட்டோடை கதிரையிலை இருந்து எழும்பி, அவளின்ரை கையைக் குலுக்கி, திரும்பவும் அதே கதிரையிலை இருந்தார். அவள் குசினிக்குள்ளை எனக்குப் பக்கத்திலை நிண்டு வெங்காயம் வெட்டினாள். கதவாலை அவரைப் பாத்துப் பாத்து வெட்டினாள்.

"ஆற்ரை போனுக்கு இவர் காத்துக்கொண்டு இருக்கிறார்?"

"மகன் எடுப்பார் எண்டு."

"எடுக்கிறவரோ?"

"இன்னும் இல்லை. றேடியோ எரிஞ்சதிலை இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறார்."

"ஒண்டரை வருஷத்துக்கு மேலாயோ? எடுப்பார் எண்டு இவருக்கு ஆர் சொன்னது?"

ஆறு வருஷமாய் நான் அவளுக்குச் சொன்ன பொய் எல்லாம் ரெலிபோனிலை சொன்னது, அதிலை என்ரை முகம் அவளுக்குத் தெரியாது. இப்ப அவள் கத்தியை வைச்சிட்டு என்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டாள்.